கோட்டைக்கு வெளியே ஒரு நகர்: வண்ணார்பண்ணையின் வரலாறும் இயல்பும்

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோட்டை, அரண்மனை, ஆள்வோர் மாளிகை ஆகியவற்றை நடுவாக வைத்தே எழுதுதல் வழக்கம். ஆள்பவன் எங்கிருந்தானோ அங்கேதான் வரலாறும் இருந்தது என்னும் எண்ணமே அதற்குக் காரணமாகும். ஆயின் ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வையும் நினைவையும் வளர்த்த இடங்கள் பல கோட்டை மதிலுக்கு அப்பாலேயே இருந்தன. யாழ்ப்பாண நகரைப் பொறுத்தவரை அத்தகைய இடங்களுள் முதன்மையானது வண்ணார்பண்ணை. இன்று அஃது யாழ்ப்பாணத்துடன் இரண்டறக் கலந்துவிட்டது. எங்கே பட்டினம் முடிகிறது, எங்கே வண்ணார்பண்ணை தொடங்குகிறது என்று வழிப்போக்கனாற் கூற இயலாது. எனினும் இப்புறநகர் தனக்கென ஒரு வரலாறும் ஒரு குணமும் உடையது. அவ்விரண்டையும் சுருக்கமாக ஆராய்ந்து, அவை நமக்கு எழுப்பும் ஒரு கேள்வியையும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் நிலமும்

வண்ணார்பண்ணை என்னும் பெயரைப் பிரித்து நோக்குவார்க்கு அதன் பொருள் எளிதிற் புலனாகும். வண்ணார் என்பது ஆடை வெளுக்கும் தொழிலாளரைக் குறிக்கும். பண்ணை என்பது நிலத்தைக் குறிக்கும். ஓர் அரசன் பெயராலோ ஒரு கடவுள் பெயராலோ அன்றி, ஒரு தொழில் செய்தார் பெயரால் இவ்வூர் வழங்கி வருகிறது. யாழ்ப்பாணத்துப் பழைய சமுதாயத்தில் வண்ணார் இன்றிப் பிறப்பும் இல்லை, மணமும் இல்லை, இறப்பும் இல்லை. மணப்பந்தரிலும் பிணப்பந்தரிலும் வெள்ளை கட்டுதலும், நடந்து வருவார்க்கு நிலபாவாடை விரித்தலும் அவர்தம் கடமையாக இருந்தன. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திற் சாயவேர் கொண்டு துணிக்குச் சாயமிடுந் தொழிலும் நெசவும் சிறந்து விளங்கின. துணியை நெய்வாரும் தோய்ப்பாரும் வெளுப்பாரும் நகரின் ஓரத்தில், அதன் வாணிகத்திற்கு அண்மையில், வாழ்ந்தனர்.

புலவர்கள் இவ்வூரை 'வண்ணை' என்று சுருக்கி வழங்கினர். தஞ்சாவூர் தஞ்சை ஆனது போலவும் புதுச்சேரி புதுவை ஆனது போலவும் வண்ணார்பண்ணை வண்ணை ஆயிற்று. வண்ணைக் குறவஞ்சி முதலிய சிற்றிலக்கியங்கள் இம்மரூஉப் பெயரைத் தாங்கி எழுந்தன. செவிக்கு இனிய பெயரே அது. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. வண்ணார்பண்ணை வண்ணை ஆனபொழுது பாட்டில் ஓசை இன்பம் புகுந்தது. பெயருக்கு உரியராய தொழிலாளர் மறைந்தனர். இவ்வூரின் பிற்கால வரலாற்றுக்கு இச்சிறு மாற்றம் ஓர் அடையாளம் போல அமைந்துள்ளமை பின்னர்ப் புலப்படும்.

தெருக்களின் பெயர்களும் இவ்வாறே தொழிலைச் சுட்டுவன. பொற்கொல்லர் வாழ்ந்தது தட்டாதெரு. செம்பும் பித்தளையும் கொண்டு தொழில் செய்யும் கன்னார் பெயரால் வந்தது கன்னாதிட்டி. சோனகர் வாழ்ந்தது சோனகதெரு. வணிகர் பெயர் தாங்கியது செட்டித்தெரு. இவற்றோடு நாச்சிமார் கோயிலடி, ஐயனார் கோயிலடி, கொட்டடி, ஓட்டுமடம் என்பனவும் வழங்குகின்றன. யாழ்ப்பாணத்தார் இடஞ் சொல்லும் முறையே தனியானது. இலக்கமும் வீதிப் பெயரும் வந்து நூறாண்டுக்கு மேலாகியும் கோயிலடி, அரசடி, மடத்தடி என்றே இன்றும் வழி சொல்லுவர். கோயிலும் மரமும் மடமும் மக்கள் கூடும் இடங்களாதலின் அவையே எல்லைக் கற்களாயின. வண்ணார்பண்ணைத் தெருப் பெயர்களை ஒருங்கு நோக்கின், பல தொழிலாரும் பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்த ஓர் ஊரின் படம் நம் கண்முன் தோன்றும்.

கோட்டையும் அதன் நிழலும்

யாழ்ப்பாண அரசின் தலைநகர் நல்லூர். 1619ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அவ்வரசைக் கைப்பற்றினர். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. ஆட்சியின் இருக்கை நல்லூரை விட்டுக் கடலோரத்திலுள்ள யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியது. அங்கே கோட்டை எழுந்தது. 1658இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றி, பின்னர் அதனை ஐங்கோண வடிவிற் புதுக்கிக் கட்டினர். கோட்டையினுள் 1706ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட அவர்தம் தேவாலயம் விளங்கியது. கோட்டைக்குக் கிழக்கே பறங்கித்தெருவும் சுண்டிக்குளியும் ஐரோப்பியரும் அவர் வழித்தோன்றலும் கிறித்தவரும் வாழும் பகுதிகளாக வளர்ந்தன. வடக்கே, காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் பெருவழியின் இருமருங்கிலும், சைவரும் சோனகரும் பெரும்பான்மையராக வாழும் வண்ணார்பண்ணை வளர்ந்தது.

இந்த இருதிசை வளர்ச்சி தற்செயலானதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் அரசாங்கப் பதவி பெறுதற்கும் விவாகத்தைச் சட்டப்படி பதிவு செய்தற்கும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. சைவக் கோயில் கட்டுதலும் விழா எடுத்தலும் தடைசெய்யப்பட்டிருந்தன. பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் தேவாலயத்தோடு இணைந்திருந்தன. இந்நிலையில் மக்களுட் பலர் வெளியே ஒரு பெயரும் வீட்டினுள் ஒரு பெயரும் தாங்கினர். விரதங்களை மறைவாக அனுட்டித்தனர். ஆட்சியோடு பழகும் வாழ்வு ஒன்றும், தம் வழக்கப்படி வாழும் வாழ்வு ஒன்றும் என இரு வாழ்வு வாழ்ந்த காலம் அது. கோட்டையினுள் இடம் பெறாதவை எல்லாம் கோட்டைக்கு வெளியே காத்திருந்தன எனலாம்.

வைத்தீஸ்வரன் சந்நிதி

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தரின் கடுமை தளர்ந்தது. நல்லூரிற் கந்தசுவாமி கோயில் அந்நூற்றாண்டிலேயே மீளவும் எழுந்துவிட்டது. வண்ணார்பண்ணையில் அப்பணியைச் செய்தவர் அரசரோ அதிகாரியோ அல்லர், ஒரு வணிகர். கோபாலச் செட்டியாரின் மைந்தர் வைத்திலிங்கச் செட்டியார் வாணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டியவர். ஒல்லாந்த அதிகாரிகளோடு பழகி அவர்தம் நன்மதிப்பையும் பெற்றவர். சோழநாட்டுப் புள்ளிருக்கு வேளூரிற் கோயில்கொண்ட வைத்தீஸ்வரனையும் தையல்நாயகியையும் இவ்வூரில் எழுந்தருளுவிக்க எண்ணி, 1790ஆம் ஆண்டை அண்டிப் பெரியதொரு சிவாலயத்தை அவர் எடுப்பித்தார். ஒல்லாந்தர் கொடி கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த காலத்தில், அக்கோட்டையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், இக்கோயில் எழுந்தமை நினைக்கத்தக்கது. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர்.

ஒரு பெருங்கோயில் எழுந்தால் ஓர் ஊரும் உடன் எழுதல் தமிழர் வரலாற்றிற் புதிதன்று. பூசகர், ஓதுவார், நாகசுரமும் தவிலும் வாசிப்போர், பூத்தொடுப்போர், தேர் செய்யும் தச்சர், கொல்லர், கன்னார், ஆடை வெளுப்போர், விளக்குக்கு எண்ணெய் கொடுப்போர், விழாக்காலத்திற் கடை விரிப்போர் எனப் பல திறத்தார்க்கும் கோயில் வாழ்வளித்தது. கோயிலின் நாற்புற வீதிகளில் மடங்களும் கடைகளும் வீடுகளும் நிரம்பின. வரதராஜப் பெருமாள் கோயிலும் வேறு பல கோயில்களும் இவ்வூரிற் சிறந்து விளங்கின. இவ்வாறு கோட்டை ஒரு முனையும் கோயில் ஒரு முனையுமாக யாழ்ப்பாணத்திற்கு இரண்டு நடுவிடங்கள் உண்டாயின. வழக்கும் வரியும் சேவகமும் உள்ளவர் கோட்டைப் பக்கஞ் சென்றனர். மணம், நேர்த்தி, கொடுக்கல் வாங்கல், புலவர் கூட்டம் என்பன உள்ளவர் வண்ணார்பண்ணைக்குச் சென்றனர்.

சொல்லும் அச்சும்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1814இல் உவெசுலியரும், 1816இல் அமெரிக்கரும், அவர்களைத் தொடர்ந்து ஆங்கிலத் திருச்சபையாரும் வந்து பள்ளிகளை நிறுவினர். அவர்கள் கொணர்ந்த கல்வி பயனுடையது என்பதில் ஐயமில்லை. வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்ட செமினரி தமிழ்நாடெங்கும் புகழ்பெற்ற அறிஞரைத் தந்தது. எனினும் கற்க விரும்பிய சைவப்பிள்ளை தன் சமயத்தைப் பள்ளி வாயிலில் விட்டுச் செல்லவேண்டிய நிலை மீண்டும் ஏற்பட்டது. ஒல்லாந்தர் காலத்திற் சட்டம் செய்ததை இப்பொழுது கல்வியின் மீதிருந்த ஆசை செய்தது.

இதற்கு விடை வண்ணார்பண்ணையிலிருந்தே எழுந்தது. நல்லூரில் 1822ஆம் ஆண்டிற் பிறந்த ஆறுமுகம் என்பார் உவெசுலியர் பள்ளியிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைபுரிந்தவர். அவர் 1847ஆம் ஆண்டு திசெம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அது தொடர்ந்து வெள்ளிக்கிழமைதோறும் நடைபெற்றது. பொதுமக்களுக்கு எளிய உரைநடையிற் கோயிலில் வாரந்தோறும் பொருள் விளக்கும் இம்முறையை அவர் எங்கிருந்து பெற்றார் என்பது வெளிப்படை. மிசனரிமார் தேவாலயத்திற் செய்ததை அவர் சிவன் கோயிலிற் செய்தார். எதிர்த்தவரிடமிருந்தே கருவியைக் கற்றுக்கொள்ளும் திறமை இது.

1848இல் அவர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளிக்கு நூல் வேண்டும். நூலுக்கு அச்சு வேண்டும். 1849இற் தமிழகஞ் சென்று அச்சியந்திரத்துடன் மீண்டார். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். வண்ணார்பண்ணையில் நிறுவப்பட்ட வித்தியாநுபாலன யந்திரசாலையிலிருந்து பாலபாடங்களும் சமய நூல்களும் வெளிவந்தன. வகுப்பிற்கேற்பப் படிப்படியாக அமைந்த பாடநூல், சொற்களைப் பிரித்தும் குறியீடுகள் இட்டும் அச்சிடும் முறை, பிழையற்ற பதிப்பு என்பன இச்சிறு புறநகரின் ஓர் அச்சுக்கூடத்திலிருந்து தமிழுலகெங்கும் பரவின. ஓலையில் எழுதி ஏட்டிற் படித்த ஒரு கல்வி மரபு, பத்தாண்டு எல்லைக்குள், தாளில் அச்சிட்டுப் பல்லாயிரவர் கைக்குச் செல்லும் மரபாக மாறியது. இம்மாற்றத்தின் ஒரு பட்டறை வண்ணார்பண்ணை.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. நாவலர் சைவத்தையும் தமிழையும் காத்தார். ஆயின் தம் காலத்துச் சாதி ஒழுங்கை மாற்ற அவர் முற்படவில்லை. அவ்வொழுங்கை ஏற்றே எழுதினார். பெரியாரின் பெருமையைக் கூறுமிடத்து அவர் செய்யாது விட்டதையும் கூறுதலே வரலாற்றுக்கு அழகு.

பள்ளிகளின் ஊர்

நாவலர் 1872இல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது பொருண்முட்டுப்பாட்டால் நின்றுபோயிற்று. 1879இல் அவர் மறைந்தார். எனினும் அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். 1886இல் வில்லியம் நெவின்ஸ் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் ஆங்கில உயர்தரப் பள்ளியைத் தொடங்கினார். இரு பண்பாடுகளின் அடையாளங்களையும் தாங்கிய அவர் பெயரே அக்காலத்தின் வரலாற்றைக் கூறும். 1888இற் சைவபரிபாலன சபை தோன்றியது. 1889இல் அச்சபை இந்து சாதனம் என்னும் பத்திரிகையைத் தமிழிலும், அதன் துணையாக ஆங்கிலப் பத்திரிகையையும் வெளியிடத் தொடங்கியது. சிதம்பரப்பிள்ளையின் பள்ளியைச் சபை பொறுப்பேற்று, 1890இல் வண்ணார்பண்ணையில் நிலையான இடத்தில் அமைத்தது. அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது.

1897ஆம் ஆண்டு சனவரியில் மேலைநாட்டிலிருந்து மீண்ட விவேகானந்த சுவாமிகள் யாழ்ப்பாணம் வந்தபொழுது அவர் பேசிய இடம் இக்கல்லூரி வளவே. வைத்தீஸ்வரன் கோயிலின் பெயரால் வைத்தீஸ்வர வித்தியாலயமும் எழுந்து, இராமகிருஷ்ண மிஷனின் மேற்பார்வையில் வளர்ந்தது. இவ்வாறு ஒரு நூற்றாண்டு எல்லைக்குள் கோயில், பிரசங்கம், பள்ளி, அச்சுக்கூடம், பத்திரிகை, கல்லூரி என்னும் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஊரில் உண்டாயின. இவற்றுள் ஒன்றையேனும் ஆட்சியாளர் முன்வந்து அமைக்கவில்லை. வணிகர் பொருளும், ஆசிரியர் உழைப்பும், தெருவிலுள்ளோர் தந்த சிறுதொகையும் சேர்ந்து அமைத்தன. தமக்கு மறுக்கப்பட்டதைத் தாமே கட்டிக்கொள்ளுதல் என்பதே வண்ணார்பண்ணையின் குணம் என்று நாம் துணியலாம்.

சோனகதெரு

இக்குணத்திற் பங்குகொண்டவர் சைவர் மட்டுமல்லர். வண்ணார்பண்ணையின் மேற்குப் பகுதியிற் சோனகதெரு அமைந்துள்ளது. தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தனர். துணி, இரும்பு, தையல், இறைச்சி, நகை முதலிய வாணிகங்களிலும் தொழில்களிலும் அவர் சிறந்து விளங்கினர். பள்ளிவாசற் பாங்கொலியும் சிவன் கோயில் மணியோசையும் ஒரே காற்றில் கலந்து வந்த ஊர் இது. பண்டிகைக்குத் துணி வாங்கும் சைவக் குடும்பத்துக்கும் சோனகதெருக் கடைக்காரருக்கும் இடையே இருந்த கொடுக்கல் வாங்கல் கணக்குப் புத்தகத்தோடு முடிந்ததன்று. நாள் தோறும் கண்டு பேசிப் பழகிய உறவாகவும் அஃது இருந்தது.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஏ. எம். ஏ. அஸீஸ் 1911ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. பின்னர் 1948 முதல் 1961 வரை கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்து, முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சிக்குப் பெரும்பணி ஆற்றினார். சைவர் தம் பிள்ளைகளுக்கெனக் கட்டிய கல்லூரி, அடுத்த தெருவின் முஸ்லிம் பிள்ளையையும் வளர்த்து நாட்டுக்குத் தந்தது. ஒரு கல்லூரி தன் வரலாற்றில் எழுதிவைத்துப் பெருமைகொள்ளத்தக்க செய்தி இதனினும் வேறில்லை.

மூடிய கதவுகள்

ஆயின் இப்பெருமையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கோட்டை தன்னை வெளியே நிறுத்தியதை எண்ணி வருந்திய சமுதாயம், தன் கோயிலின் வெளியே யாரை நிறுத்தியது? வெள்ளை கட்டியவரும், பறை முழக்கியவரும், மரமேறியவரும், முடி திருத்தியவரும் கோயில் வாயிலுக்கு அப்பால் நின்றனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் நிலத்தில் அமர்ந்தனர், அன்றேல் பள்ளிக்கே வரவில்லை. 1924இற் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்தார் சாதி வேற்றுமையைக் கண்டித்தனர். 1927இற் காந்தியடிகள் அவர்தம் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்து தீண்டாமைக்கு எதிராகப் பேசினார். 1930ஆம் ஆண்டை அண்டி, அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்குக என்று கட்டளை பிறந்தபொழுது, யாழ்ப்பாணத்திற் பள்ளிகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. சைவப்பிள்ளைக்குப் பள்ளி இல்லை என்று கவன்று பள்ளி கட்டிய மண்ணில், வேறு சில பிள்ளைகள் வாங்கில் இருக்கலாகாது என்று பள்ளியை எரித்தனர்.

சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. அதன் பின்னும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. பின்னர்ப் பல கோயில்கள் மெல்ல மெல்லத் திறந்தன. சட்டம் ஒரு பங்கும், போராட்டம் ஒரு பங்கும், காலம் ஒரு பங்கும் இம்மாற்றத்தைச் செய்தன. வண்ணாரின் பெயரால் வழங்கும் ஓர் ஊர், வண்ணாரைத் தன் வரலாற்றில் எங்கே வைத்திருக்கிறது என்னும் வினா இன்னும் முற்றாக விடை பெறவில்லை. இவ்வூரின் புகழ்பெற்ற மாந்தர் வரிசையை நாம் கூறும்பொழுது செட்டியாரும் புலவரும் ஆசிரியரும் வருவர். துணி வெளுத்தவர் ஒருவர் பெயரும் வாராது. அவர் பெயர் ஊர்ப்பெயரில் மட்டுமே உள்ளது. 'வண்ணை' எனச் சுருக்கும்பொழுது அங்கும் இல்லை.

ஒரே திகதி, இரு வெளியேற்றங்கள்

1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி நாச்சிமார் கோயிலடியில் நடைபெற்ற அரசியற் கூட்டத்திற் காவலில் நின்ற பொலிசார் சுடப்பட்டனர். அதனைத் தொடர்ந்த வன்செயலில் வீடுகளும் கடைகளும் ஈழநாடு பத்திரிகை அச்சகமும் எரிந்தன. சூன் 1ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியூட்டப்பட்டது. நூலையும் அச்சையும் தன் கருவியாகக் கொண்டு எழுந்த ஒரு சமுதாயத்துக்கு இதனிற் பெரிய அடி வேறில்லை. 1990இற் கோட்டையைச் சுற்றி நடந்த போரிற் கோட்டையைச் சார்ந்த நகர்ப்பகுதி இடிபாடாயிற்று.

அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, அப்பொழுது யாழ்ப்பாணத்தைத் தம் ஆளுகையில் வைத்திருந்த விடுதலைப் புலிகள், சோனகதெரு உள்ளிட்ட யாழ்ப்பாணப் பகுதி முஸ்லிம்கள் அனைவரையும் சில மணிநேர அவகாசத்தில் வெளியேறுமாறு பணித்தனர். வீடும் கடையும் நகையும் விட்டு, கையிற் சிறுதொகையுடன் அவர்கள் வெளியேறினர். அம்மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதினாயிரம் பேருக்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பாலார் புத்தளப் பகுதியில் ஏதிலியராக வாழ்ந்தனர். அன்று அடுத்த தெருவிலிருந்த சைவருட் சிலர் கண்ணீர் விட்டனர். பலர் கதவடைத்து வீட்டினுள் இருந்தனர். அச்சம் காரணமாயினும் அம்மௌனம் மௌனமே.

ஐந்து ஆண்டுகள் கழிந்து, 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆந் திகதி, இராணுவம் முன்னேறி வந்த வேளையில், யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஒரே இரவில் வெறுமையாயின. இம்முறை சைவரும் கிறித்தவரும் குழந்தைகளையும் முதியோரையும் தாங்கி, மழையில் நனைந்து, நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நடந்தனர். சிவன் கோயில் வீதியும் சோனகதெருவைப் போலவே ஆளரவமற்றுக் கிடந்தது. இரு திகதிகளும் ஒன்றாக அமைந்தமைக்குத் தெய்வச் செயல் முதலிய காரணங் கூற வரலாற்று மாணவர்க்கு உரிமை இல்லை. இரு நிகழ்ச்சிகளும் அளவாலும் காரணத்தாலும் வேறுபட்டவை. ஆயினும் வீட்டுத் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு திரும்பிப் பார்த்தபடி நடப்பவர் துயர் எத்தெருவிலிருந்து புறப்பட்டாலும் ஒன்றே என்பதை அத்திகதி நமக்கு ஆண்டுதோறும் நினைவூட்டும்.

மீண்டவையும் மீளாதவையும்

1996இன் பின் மக்கள் படிப்படியாகத் திரும்பினர். காங்கேசன்துறை வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் கடைகள் மீண்டும் திறந்தன. 2009இற் போர் முடிந்தது. 2014இற் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின்னும், 2009இன் பின்னும் முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பகுதியினர் சோனகதெருவுக்குத் திரும்பினர். பள்ளிவாசல்களும் ஒஸ்மானியாக் கல்லூரியும் மீண்டும் இயங்கின. எனினும் திரும்பாதவர் பலர். கூரை இழந்து சுவர் மட்டும் எஞ்சி நின்ற வீடுகளை மீளக் கட்டுதற்குப் பொருள் இல்லாதவர் சிலர். வெளியூரிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்வூர் ஒரு பெயர் மட்டுமேயாகிவிட்டது. சைவக் குடும்பங்களிலும் பல இன்று கடல்கடந்த நாடுகளில் வாழ்கின்றன. பூட்டிய வீடுகள் அவர்தம் வளவுகளிலும் உண்டு. பழைய நாற்சார் வீடுகள் இடிக்கப்பட்டு மாடிக் கட்டடங்கள் எழுகின்றன. தட்டாதெருவின் பெயர் உள்ளது. ஆயினும் தட்டாரின் பட்டறை ஒலி முன்போலக் கேட்பதில்லை.

இம்மாற்றங்கள் எல்லாவற்றையும் தடுத்தல் எவராலும் இயலாது. இயலுவது ஒன்றுண்டு; அது நினைவைப் பேணல். இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்தும் உள்ள கல்லூரிகளின் மாணவர் ஒரு விடுமுறைக் காலத்திற் செய்யத்தக்க பணி அது. தெருப் பெயர்களையும் கோயிலடிப் பெயர்களையும் திரட்டுதல், பழைய காணி உறுதிகளில் வரும் வளவுப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுதல், தொழிலாளர் குடும்பத்து முதியோரிடம் அவர்தம் தொழிற் சொற்களைக் கேட்டெழுதுதல், சோனகதெருவிற்கு மீண்டவர் கூறும் வரலாற்றை அவர்தம் வாய்மொழியிலேயே பதிவு செய்தல் என இப்பணி விரியும். கோயிலையும் கல்லூரியையும் பற்றி எழுதப்பட்டவை பல உள. வெளுத்தவரையும் நெய்தவரையும் உருக்கியவரையும் தைத்தவரையும் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. அவ்விடைவெளியை நிரப்பினாலன்றி வண்ணார்பண்ணையின் வரலாறு நிறைவுறாது.

தொகுத்துக் கூறின், தமக்குக் கதவடைக்கப்பட்டபொழுது தாமே கதவொன்றை அமைத்துக்கொண்டோர் கட்டிய ஊர் வண்ணார்பண்ணை. அதன் பெருமை அங்கே உள்ளது. அக்கதவு பிறர்க்கும் திறந்திருந்த காலங்களில் அது அஸீஸ் போன்றாரைத் தந்தது. மூடியிருந்த காலங்களில் தன்னையே குறைத்துக்கொண்டது. முன்னோர் கட்டிய கோயிலையும் கல்லூரியையும் நாம் எளிதிற் பெற்றோம். அவற்றின் வாயிலில் இன்று நிற்பவர் யார், உள்ளே வர இயலாமல் நிற்பவர் எவரேனும் உளரோ என்று நோக்குதல் நமக்கு விடப்பட்ட கடனாகும். அதனை ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் தத்தம் அளவில் ஆற்றுவாராக.